முதலும் பிணையும்: சிவகாசித் தீப்பெட்டித் தொழிலின் தோற்றம் பற்றிய ஓர் ஆய்வு

'முதல்' என்னும் தமிழ்ச்சொல் பல பொருள் தருவது. தொடக்கம் என்பது ஒரு பொருள்; காரணம் என்பது மற்றொன்று; வாணிகத்தில் இடப்பெறும் பணம் என்பது பிறிதொன்று. இம் மூன்று பொருளையும் ஒரு சொல்லே தாங்கி நிற்றலான், தொழில் வரலாறு எழுதப் புகுவோர் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டு மயங்குதல் எளிது. பணம் இட்டவரே தொடங்கியவர் என்றும், தொடங்கியவரே அத்தொழிலுக்குக் காரணமானவர் என்றும் கூறிச் செல்லும் வழக்கு நம்மிடையே வேரூன்றியுள்ளது. சிற்றூரை அடுத்த ஒரு சிறு நகரில் ஒருவர் சிறுதொழில் தொடங்குகின்றார் எனின், அதற்கு உண்மையான முதல் யாது? இவ்வினாவைச் சிவகாசித் தீப்பெட்டித் தொழிலின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

1. கோவலன் கொண்ட முதல்

இவ்வினாவுக்கு நம் இலக்கியத்திலேயே ஒரு விடை குறிப்பாக உள்ளது. புகாரில் பொருளனைத்தும் இழந்த கோவலன், கண்ணகியின் சிலம்பை முதலாகக் கொண்டு மதுரையில் மீண்டும் வாணிகம் செய்து இழந்த பொருளை ஈட்டக் கருதுகின்றான். இதனைக் கனாத்திறம் உரைத்த காதையில் காண்கின்றோம். அவனிடம் முதல் இருந்தது. அதுவும் அரசி அணிதற்குரிய சிலம்பை ஒத்த உயர்ந்த முதல். தொழிலறிவும் இருந்தது, அவன் பெருவணிகன் மகன். ஆயினும் அவன் தொழில் தொடங்கவில்லை.

இதற்குரிய காரணத்தை ஊழ் என்று காப்பியம் கூறும். அதனை மறுத்தல் எம் நோக்கமன்று. ஆயின் ஊழ் எவ்வழியாக வந்து உருத்தது என்பதைக் காப்பியத்தை ஊன்றிப் படிப்போர் அறிவர். ஊர்காண் காதையில், நகரத்து வணிகர்க்குத் தன் நிலையை உணர்த்தி வருவதாகக் கவுந்தியடிகளிடம் கூறியே கோவலன் மதுரையுள் புகுகின்றான். நகரின் வீதிகளைக் கண்டு அவன் மீண்டான் என்று விரித்துரைக்கும் அடிகளார், வணிகர் எவரையும் அவன் கண்டு பேசியதாகக் கூறவில்லை. அடைக்கலக் காதையிலும், புறஞ்சேரி அறவோர்க்கே உரிய இடம் என்றும், நகரத்தினுள் வாழும் வணிகர் அவன் குடிச்சிறப்பை அறிந்து ஏற்றுக்கொள்வர் என்றும் மாடலனும் கவுந்தியடிகளும் எடுத்துரைக்கின்றனர். அவ்வாறிருந்தும், தன்னை அறிந்தார் ஒருவரும் உடனில்லாமல், விலையுயர்ந்த சிலம்பைக் கையிலேந்தி, முன்பின் அறியாத பொற்கொல்லனிடம் அவன் சென்று சேர்கின்றான். 'இவன் இன்னான் மகன். இப்பொருள் இவனுடையதே' என்று உரைக்க அந்நகரில் ஒருவரும் முன்வரவில்லை. முதல் இருந்தும் பிணை இல்லாத வணிகனின் நிலை இதுவாயிற்று.

பிணை என்பதை ஈண்டு விரிந்த பொருளில் வழங்குகின்றோம். ஒருவனுடைய சொல்லை நம்பிச் சரக்கும் கடனும் கொடுத்தற்கும், அவன் இடருற்றபோது கைகொடுத்தற்கும் காரணமாக நிற்கும் கூட்டுறவே பிணை என்க.

2. பேட்டையும் மகமையும்

இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள சிவகாசி, 19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததாய் இருந்தது. சுற்றிலும் வானம் பார்த்த பூமி, மழை குறைவு. தெற்கேயிருந்து பொதிமாடுகளிலும் வண்டிகளிலும் சரக்கேற்றி வந்த நாடார் குல வணிகர், அந்நூற்றாண்டில் சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் நிலைபெற்றனர். விருதுபட்டியே பின்னர் விருதுநகராயிற்று.

வழியில் கள்வர் அச்சம் மிகுதி. ஆதலின் வண்டிகளும் மாடுகளும் சரக்கும் இராப்பொழுதில் காவலுடன் தங்குதற்கு மதில் சூழ்ந்த பேட்டைகள் அமைக்கப்பெற்றன. பேட்டைக்கு வந்து செல்லும் சரக்கின் அளவுக்கேற்ப ஒவ்வொரு வணிகரும் ஒரு சிறு தொகையைப் பொதுவில் செலுத்தினர். மகமை என்றும் மகிமை என்றும் வழங்கிய இத்தொகையை ஊரின் உறவின்முறை கண்காணித்தது. பேட்டையின் காவலுக்கும், கிணறு, கோவில், பள்ளி முதலியவற்றுக்கும் அது பயன்பட்டது. காமராசர் இளமையில் பயின்ற விருதுநகர்ச் சத்திரிய வித்தியாசாலை இத்தகைய பொது முயற்சியால் எழுந்ததேயாகும். வீடுதோறும் பிடியரிசி தண்டி அப்பள்ளியைப் பேணிய செய்தியும் பலரும் அறிந்ததே.

வணிகர் தம் சரக்கின்மேல் தாமே ஒரு வீதம் விதித்துக்கொள்ளும் வழக்கம் தமிழகத்திற்குப் புதிதன்று. இடைக்கால வணிகக் குழுவினர் பட்டணப்பகுடி என்ற பெயரால் பொருட்கு இவ்வளவு என வரையறுத்துக் கோவிலுக்கு அளித்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. பிரான்மலைக் கல்வெட்டு அவற்றுள் சிறந்ததொன்று. ஆயினும் பகுடியே மகமையாயிற்று என்று துணிதல் பொருந்தாது. செயல் ஒத்திருத்தல் மட்டும் மரபுத் தொடர்ச்சிக்குச் சான்றாகாது. ஒரே தேவை இரு காலங்களில் ஒரே வகையான அமைப்பைத் தோற்றுவித்தது என்ற அளவில் அமைதலே முறை.

இவ்வமைப்பை உறுதிப்படுத்தியது துன்பமே. கோவில் நுழைவு உரிமை பற்றி எழுந்த பகை முற்றி, 1899-ஆம் ஆண்டில் சிவகாசி பெருங்கலகத்திற்கு உள்ளாயிற்று. உயிர்கள் மாய்ந்தன, வீடுகள் எரிந்தன. தனித்து நின்று வாழ்தல் இயலாது என்பதை அந்நகர மக்கள் அன்று உணர்ந்தனர். 1910-இல் நாடார் மகாசன சங்கம் தோன்றியது. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி நிறுவப்பெற்றது. 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. பேட்டையில் தொடங்கிய கூட்டுறவு இவ்வாறு வங்கி வரை வளர்ந்த பின்னரே தீப்பெட்டித் தொழில் தோன்றுகின்றது என்பது கருதற்குரியது.

3. கல்கத்தாப் பயணம்

அக்காலத்தில் இந்தியர் பயன்படுத்திய தீப்பெட்டிகளுள் பெரும்பாலன சுவீடனிலிருந்தும் சப்பானிலிருந்தும் வந்தவை. 1922-இல் இறக்குமதித் தீப்பெட்டியின் மீது வரி மிக உயர்த்தப்பட்டது. உள்நாட்டில் செய்து விற்பார்க்கு இஃது ஒரு வாயிலைத் திறந்தது. சுவீடன் நாட்டுக் குழுமமே 1923-இல் இந்தியாவில் விம்கோ என்னும் கிளையை நிறுவி இங்கேயே தீப்பெட்டி செய்ய முற்பட்டமை, அவ்வரியின் வன்மையைக் காட்டும்.

அதே 1922-இல் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்றனர். இருவரும் உறவினர்; இளைஞர். அங்குச் சில திங்கள் தங்கித் தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று மீண்டனர். செர்மனியிலிருந்து பொறிகளை வருவித்து 1923-இல் தொழிலைத் தொடங்கினர். ஆயின் பொறியால் செய்வதற்கு ஆகும் செலவு மிகுதியாகவும், கையால் செய்வதற்கு ஆகும் செலவு குறைவாகவும் இருத்தலை விரைவில் உணர்ந்து, கைத்தொழிலாகவே அதனை நடத்தத் தலைப்பட்டனர். 1926-இல் இருவரும் பகையின்றிப் பிரிந்து தனித்தனியே தொழில் நடத்தினர். ஒருவருடைய அணில் சின்னமும் மற்றவருடைய காக்கைச் சின்னமும் எழுத்தறியாத மக்களும் கண்டவுடன் தெரிந்துகொள்ளும் அடையாளங்களாயின.

சிவகாசியைக் 'குட்டி சப்பான்' என்று நேரு பாராட்டியதாகச் சொல்வர். அப்புகழ்ச்சி ஆலைப்பெருக்கத்தை நினைத்துச் சொல்லப்படுவது. ஆனால் இந்நகரின் தொழில் வளர்ந்ததோ, வாங்கிய பொறியை ஒதுக்கிவிட்டுக் கையை நம்பிய அந்நாளிலேயாம்.

ஒரு தொழிலிலிருந்து மற்றொன்று கிளைத்தது. தீப்பெட்டியோடு வண்ண ஒளி தரும் மத்தாப்புக் குச்சிகளும் செய்யப்பெற்றன. அப்பயிற்சி பட்டாசுத் தொழிலுக்கு அடிகோலியது. இரண்டாம் உலகப்போரின்போது வெளிநாட்டுப் பட்டாசு வரவு நின்றதனால் அத்தொழில் தழைத்தது. பெட்டிகளின்மேல் ஒட்டும் வண்ணத்தாள்களின் தேவையே அச்சுத்தொழில் அங்கு வேரூன்றக் காரணமாயிற்று.

மகமைப் பணமே தீப்பெட்டித் தொழிலுக்கு முதலாயிற்று என்பது எம் கருத்தன்று. இருவருடைய துணிவையும் உழைப்பையும் குறைத்துரைத்தலும் எம் நோக்கமன்று. கரிசலும் வறட்சியும் சிவகாசிக்கே உரியன அல்ல. வரி உயர்வும் நாடு முழுமைக்கும் பொதுவானது. குச்சிக்குரிய மென்மரமோ மருந்துப் பொருள்களோ அவ்வூரில் விளைவனவல்ல. அவ்வாறாக, பல ஊர்களுக்கும் பொதுவான இந்நிலைமைகளில் இத்தொழில் இங்கே நிலைபெற்றமைக்கு, சொல்லை நம்பிச் சரக்குக் கொடுப்பாரும், செய்த சரக்கை ஊர்தோறும் விற்பாரும், பிரிந்த பின்னும் பகைகொள்ளாத உறவும் முன்னரே அமைந்திருந்தமை ஒரு தலையாய காரணம் என்றே கொள்கின்றோம். கோவலனுக்கு மதுரையில் கிட்டாதது இவ்விருவர்க்கும் சிவகாசியில் கிட்டியது.

4. கூறப்படாத முதல்

இத்துடன் ஆய்வை முடிப்பின் வரலாற்றின் பாதியையே கூறியவராவோம். பொறியை ஒதுக்கியபோது அதன் இடத்தில் அமர்ந்தவர் யார்?

தீப்பெட்டித் தொழிலில் சட்டத்தில் குச்சி அடுக்குதல், மருந்தில் முக்குதல், பெட்டி ஒட்டுதல், குச்சியை நிரப்புதல், தாள் ஒட்டுதல் எனப் பல படிகள் உள. அவற்றுள் பெரும்பாலானவற்றைப் பெண்டிரும் சிறுவர் சிறுமியருமே செய்தனர். அடுக்கிய சட்டங்களின் எண்ணிக்கைக்கும் ஒட்டிய பெட்டிகளின் எண்ணிக்கைக்கும் ஏற்பவே கூலி. மழை பொய்த்த ஆண்டுகளில் அக்கூலியே பல வீடுகளில் அடுப்பெரியச் செய்தது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் 'தீப்பெட்டி ஆபீசு' என்றே மக்கள் அவ்விடங்களை வழங்கினர். பொழுது புலருமுன் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கு வண்டிகள் வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற காட்சி, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாடறிந்த செய்தியாயிற்று.

அரசின் வரிக்கொள்கையும் இந்நிலைக்குத் துணைநின்றது. 1934-இல் தீப்பெட்டி மீது உற்பத்தி வரி விதிக்கப்பெற்றது. விடுதலைக்குப் பிறகு, பேராலைகளினின்று சிறு தொழிலைக் காத்தற்பொருட்டு, கையால் செய்யும் சிறு நிலையங்களுக்கு வரி குறைத்து விதிக்கப்பட்டது. நோக்கம் நன்றே. ஆயின் சிறு நிலையம் சிறியதாகவே இருத்தலில் ஊதியம் உண்டாயிற்று. சிறியதாக இருந்தவற்றுள் தொழிலாளர் நலச்சட்டங்கள் சென்று சேர்தல் அரிதாயிற்று.

1986-ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி, வெடிமருந்துத் தொழில்களில் 14 வயது நிரம்பாத சிறாரை அமர்த்துதலைத் தடுத்தது. எனினும் குடும்பத்தாரே நடத்தும் தொழிலிடங்களுக்கு விலக்களித்தது. சிவகாசிச் சிறாரின் நிலையைப் பொருளாகக் கொண்டு எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிச் சிறாரை அமர்த்தியவர், ஒவ்வொரு சிறார்க்கும் 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்று அது பணித்தது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்துதலைத் தடுத்தது; அதிலும் பள்ளி நேரம் நீங்கிய குடும்ப உதவிக்கு இடம் விடப்பட்டுள்ளது.

இனி, பேட்டையின் மதிலை மீண்டும் நோக்குவோம். அம்மதில் உள்ளிருந்தாரைக் காத்தது. உறவின்முறைக்கு உட்பட்டோர்க்கே மகமையின் பிணை உண்டு. சட்டத்தில் குச்சி அடுக்கிய சிறுமியருள் பலர் வேறு குலத்தினர், வேறு ஊரினர், நிலமற்ற உழவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்க்காகப் பிணை நின்றது எந்த உறவின்முறை? முன்பணம் பெற்ற வீட்டில், அப்பிள்ளையின் உழைப்பே கடனுக்குப் பிணையாக வைக்கப்பட்டது. தொழில் தொடங்கியவர்க்குப் பிறர் பிணை நின்றனர். தொழிலாளரோ தாமே தமக்குப் பிணையாயினர். இவ்வேறுபாட்டைக் குறியாமல் சிவகாசியின் வளர்ச்சியைப் புகழ்தலும், பேட்டையும் மகமையும் தோன்றிய துன்பச் சூழலை மறந்து அந்நகரை இகழ்தலும் ஒருதலைப்பட்சமானவையே.

5. முடிபு

சிறுநகரில் சிறுதொழில் தொடங்குதற்குப் பணம் ஒரு முதல். ஒருவரையொருவர் நம்பும் கூட்டுறவு ஒரு முதல். உழைப்போர் கை ஒரு முதல். முதலாவது கணக்கேட்டில் எழுதப்பெற்றது. இரண்டாவது உறவின்முறை ஆவணங்களில் ஓரளவு பதிவாகியுள்ளது. மூன்றாவது, அதனை உடையார் நினைவிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

ஆதலின் தமிழ்த்துறை ஆய்வாளர்க்கு இங்குப் பணி உண்டு. மகமைக் கணக்கேடுகளின் மொழியும் அளவைப் பெயர்களும் தொகுத்து ஆராயத்தக்கன. தீப்பெட்டித் தாள்களின் எழுத்தும் சின்னமும் மக்கள் வழக்கை அறியத் துணைபுரிவன. அவை யாவற்றினும் முற்பட வேண்டியது, இளமையில் குச்சி அடுக்கி இன்று பாட்டியராய் இருப்போரின் தொழிற்சொற்களையும், அவர்கள் அன்று ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டவற்றையும் கேட்டு எழுதுதலாகும். கணக்கேடுகள் இன்னும் சில காலம் பேழையில் இருக்கும். அம்முதியோரிடம் கேட்பதை நாம் தள்ளிப்போடுதல் ஆகாது.