ரொறன்ரோ மருத்துவமனைகளில் நோயாளர் பாதுகாப்பும் தரவுப் பகுப்பாய்வும்

மருத்துவமனைச் சிகிச்சையாலேயே நோயாளருக்கு எவ்வளவு தீங்கு நேர்கிறது என்பதற்குக் கனடாவில் முதல் விரிவான கணக்கு 2004இல் வெளிவந்தது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ரொஸ் பேக்கரும் கல்கரியின் பீட்டர் நோர்ட்டனும் தலைமை தாங்கிய குழு, ஐந்து மாகாணங்களின் 20 மருத்துவமனைகளில் 2000ஆம் ஆண்டுக் கோப்புகளைப் புரட்டிப் பார்த்தது. அனுமதிகளில் 7.5 விழுக்காட்டில் பாதிப்பு நேர்ந்திருந்தது. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தவிர்த்திருக்கக் கூடியவை. ஆனால் பழைய கோப்பு, கட்டிலில் இன்று கிடப்பவரைக் காப்பாற்றாது.

அந்தக் குறையை நோக்கி 2009இல் ரொறன்ரோவின் சிறுவர் மருத்துவமனையில் ஆர்ட்டெமிஸ் என்ற திட்டம் தொடங்கியது. குறைமாதக் குழந்தையின் இதயத்துடிப்பைத் தாதியர் மணிக்கொரு முறை குறித்துவந்த இடத்தில், கரோலின் மெக்ரெகரின் குழு கருவிகளின் அளவீடுகளை நொடிக்கு நொடி சேகரித்தது. தொற்று வெளித்தெரியுமுன் துடிப்பின் இயல்பான ஏற்ற இறக்கம் மங்கிவிடும் என்பதே அதன் அடிப்படை.

தரவைப் பகிரங்கப்படுத்துவது மற்றொரு வழி: 2010இல் அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலின் பயன்பாட்டை மருத்துவமனைகள் பகிரங்கமாக அறிவிக்க வேண்டுமென்று ஒன்ராறியோ பணித்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் எட்டு நகர ஆய்வில் (ரொறன்ரோவும் ஒன்று) அப்பட்டியல் இறப்பை 1.5இலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைத்திருந்தது. ஒன்ராறியோவின் 101 மருத்துவமனைகளில் அந்தப் பயன் தெரியவில்லை: இறப்பு முன்பு 0.71 விழுக்காடு, பிறகு 0.65. பட்டியலை ஏறத்தாழ முழுமையாகப் பின்பற்றுவதாகவே அவை அறிக்கை தந்திருந்தன. கட்டத்தில் அடையாளமிட்டார்களா என்பதை எண்ணுவதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு குறைவு.

எண்ணுவதோடு நில்லாமல் உடனே செயற்படத் தூண்டும் வகையில், ரொறன்ரோவின் புனித மைக்கேல் மருத்துவமனையின் சார்ட்வாட்ச் என்ற முன்னெச்சரிக்கைக் கருவி முக்கியமானது. 2020 முதல் பொது மருத்துவப் பிரிவில் இயங்கும் இது, இரத்தப் பரிசோதனை, நாடித்துடிப்பு உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட தரவுகளை மணிக்கொரு முறை அலசுகிறது. ஆபத்து தெரிந்தால் மருத்துவருக்கு உடனே செய்தி போகும். தாதியர் கண்காணிப்பைக் கூட்டுவர். பூனை கடித்துக் காய்ச்சலோடு வந்த ஒருவர் பார்வைக்கு நலமாகவே இருந்தார். இரத்த முடிவுகளைத் தாதியர் வழக்கமாக நண்பகலில்தான் பார்ப்பார்கள். வெள்ளணுக்கள் மிக உயர்ந்திருப்பதைச் சார்ட்வாட்ச் சில மணி நேரம் முன்னரே எச்சரித்தது. தோலடித் தொற்று கண்டறியப்பட்டது.

அம்மருத்துவமனையின் மருத்துவர் அமோல் வர்மா தலைமையில் 2024இல் வெளியான ஆய்வின்படி, பொது மருத்துவப் பிரிவில் எதிர்பாராத இறப்புகள் 26 விழுக்காடு குறைந்தன. இக்கருவி இல்லாத இதய, சுவாச, சிறுநீரகப் பிரிவுகளில் அத்தகைய குறைவு காணப்படவில்லை. எனினும் ஒரே மருத்துவமனையில், ஒரு பகுதி கோவிட் காலத்தில் நடந்த முன்-பின் ஒப்பீடு இது. வேறு இடங்களிலும் சோதித்த பிறகே அந்த அளவை உறுதியாகக் கொள்ள முடியும்.