காது கேளாத சக ஊழியரும் நம் மீதுள்ள ஹக்கும்

ஒரு தையல் கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்யும் சகோதரர் ஒருவரை எனக்குத் தெரியும். பிறவியிலேயே காது கேளாதவர். உடன் வேலை செய்யும் எல்லோருக்கும் அவர் மீது பிரியம் உண்டு. ஆனால் அவர்களுக்குத் தெரிந்த சைகைகள் நான்குதான்: வா, போ, சாப்பிட்டாயா, முதலாளி கூப்பிடுகிறார். பக்கத்து மெஷினில் இருப்பவரின் தாயார் வஃபாத்தான செய்தி, அடக்கம் முடிந்து மூன்றாம் நாள்தான் அவருக்குத் தெரிய வந்தது. "ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

ஜனாஸாவில் கலந்துகொள்வது ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று. யாரும் அவரை வேண்டுமென்றே ஒதுக்கவில்லை. அவருடைய மொழி அங்கே யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் அதிகம். நம் கடையிலோ, கம்பெனியிலோ, அலுவலகத்திலோ அவர்களில் ஒருவர் இருக்கலாம். அவரோடு பேசக் கற்பது குறித்துச் சில அடிப்படை விஷயங்களைப் பார்ப்போம்.

மார்க்கத்தில் சைகையின் இடம்

ஸகரிய்யா (அலை) அவர்களுக்கு மகன் பிறப்பதன் அடையாளமாக, மூன்று நாட்கள் மக்களிடம் சைகையால் மட்டுமே பேச வேண்டும் என்று அல்லாஹ் விதித்ததைக் குர்ஆன் (3:41) கூறுகிறது. மர்யம் (அலை) அவர்கள் பேசா நோன்பு நோற்றிருந்தபோது, தம் மீது பழி சுமத்திய சமூகத்தாருக்குக் குழந்தையைச் சுட்டிக்காட்டியே பதில் தந்தார்கள் (19:29). நபி (ஸல்) அவர்களும் கைகளால் விளக்கியிருக்கிறார்கள். மாதத்தின் நாட்களைப் பத்து விரல்களையும் மூன்று முறை விரித்துக் காட்டினார்கள். 29 நாட்களைக் குறிக்க மூன்றாம் முறை கட்டைவிரலை மடக்கிக்கொண்டார்கள். அநாதையைப் பராமரிப்பவரின் சிறப்பைச் சொல்லும்போது இரு விரல்களை நீட்டிக் காட்டினார்கள்.

பேச இயலாதவரின் புரியும்படியான சைகையை ஃபிக்ஹு அறிஞர்கள் ஏற்கிறார்கள். வியாபாரம், நிகாஹ், தலாக் ஆகியவற்றில் அது சொல்லாகவே கருதப்படும். உஸ்மானிய ஆட்சியில் தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டத் தொகுப்பின் 70ஆவது விதி இதைத்தான் கூறுகிறது.

பிறரோடு தொடர்புகொள்ள அவர்களின் மொழியைக் கற்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கட்டளையிட்டார்கள். அவர்கள் அரை மாதத்திற்குள் கற்றுத் தேர்ந்ததாகத் திர்மிதியில் வருகிறது. காது கேளாதவருக்குப் புரியும் வரை எடுத்துச் சொல்வதும் சதக்காதான் என்ற கருத்து, அபூதர் (ரலி) அவர்கள் வழியாக முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. "புரியும் வரை" என்பதைக் கவனியுங்கள். ஒருமுறை கையசைத்துவிட்டு நகர்வதோடு அது முடிந்துவிடாது.

குர்ஆனில் சில இடங்களில் வரும் "செவிடர், ஊமையர்" என்ற கண்டனம், சத்தியத்தை ஏற்க மறுக்கும் உள்ளங்களைப் பற்றியது. உடலின் குறையைப் பற்றியது அல்ல. அந்தச் சொற்களால் ஒரு சகோதரரை அழைப்பது அவர் மனதைப் புண்படுத்தும். "காது கேளாதவர்" என்றே சொல்வோம். அதைவிட, அவருடைய பெயரைச் சொல்வோம்.

இந்திய சைகை மொழி

சைகை மொழி வெறும் கையாட்டம் அல்ல. இலக்கணம் உள்ள முழுமையான மொழி. உலகம் முழுமைக்கும் ஒரே சைகை மொழி என்பதும் தவறான எண்ணம். இந்திய சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளை இரு கைகளாலும் காட்டுவார்கள். அமெரிக்க முறையில் ஒரு கை போதும். எனவே யூடியூபில் பார்க்கும் அமெரிக்கப் பாடங்கள் நம் ஊர் நண்பரிடம் அவ்வளவாக உதவாது. வளைகுடாவில் பணிபுரிபவர்கள் அந்தந்த நாட்டுச் சைகை மொழியைக் கற்க வேண்டும்.

தமிழருக்கு இதில் ஒரு வசதி உண்டு. வாக்கிய அமைப்பு தமிழை ஒத்தது. "உங்கள் பெயர் என்ன" என்பதில் 'என்ன' கடைசியில் வருவதுபோலவே அங்கும் வரும். 'இல்லை' என்பதும் கடைசியில்தான். ஆம், இல்லை என்று பதில் வரவேண்டிய கேள்விக்குப் புருவத்தை உயர்த்த வேண்டும். முகபாவம் இந்த மொழியின் இலக்கணத்தில் ஒரு பகுதி.

எங்கே கற்பது?

மத்திய அரசு 2015இல் டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தை நிறுவியது. அதன் அகராதி 2018இல் 3,000 சொற்களோடு வெளியாகி, 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. இதன் காணொளிகளை இலவசமாகப் பார்க்கலாம். 'சைன் லேர்ன்' என்ற மொபைல் செயலியும் 2022 முதல் உள்ளது.

ஆனாலும் சிறந்த ஆசிரியர் உங்கள் சக ஊழியரே. தினம் மூன்று சொற்கள் கற்றுத்தரும்படி கேளுங்கள். சலாம், பெயர், நேரம், சம்பளம், விடுமுறை, வலி, ஆபத்து, வீட்டில் நலமா என்பவற்றிலிருந்து தொடங்கலாம். அவர் உங்களுக்கு ஒரு சைகைப் பெயர் சூட்டினால் அதைப் பிரியத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

வேலையிடத்தில் கவனிக்க வேண்டியவை

• அழைக்கத் தோளை மெதுவாகத் தொடுங்கள், அல்லது பார்வையில் படும்படி கையசையுங்கள். பின்னாலிருந்து கத்துவதில் பயனில்லை.

• வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள்.

• உதட்டசைவையே முழுவதும் நம்பாதீர்கள். 'படம்', 'மடம்' இரண்டுக்கும் உதடு ஒன்றுபோலத்தான் அசையும்.

• பிறவியிலேயே கேளாத பலருக்குத் தமிழ் இரண்டாம் மொழி. எழுதிக் காட்டும்போது சிறிய வாக்கியங்களாக எழுதுங்கள். எழுத்தில் பிழை வந்தால் அறிவுக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள்.

• எல்லோரும் சிரிக்கும்போது "ஏன்?" என்று அவர் கேட்டால், "பிறகு சொல்கிறேன்" என்று ஒதுக்காதீர்கள். அந்த 'பிறகு' பெரும்பாலும் வருவதே இல்லை.

• தீ விபத்து எச்சரிக்கை ஒலியாக மட்டும் இருந்தால் அவர் உயிருக்கே ஆபத்து. விளக்கு மின்னும் அமைப்பும் வேண்டும்.

முதலாளிகளுக்கு

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதம் செவித்திறன் குறைந்தோருக்கு. தனியார் துறையிலும் முன்னுதாரணம் உண்டு. லெமன் ட்ரீ ஹோட்டல் நிறுவனம் 2007 முதல் காது கேளாதோரைப் பணியில் அமர்த்துகிறது. மற்ற ஊழியர்களுக்கும் சைகை மொழி கற்பிக்கிறது. நம் சமுதாயத்து வணிகர்களும் வாரம் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். ஊழியரின் கூலியைப் போலவே அவருடைய கண்ணியமும் நம்மிடம் உள்ள அமானிதம்.

மக்கா ஹரம் ஷரீஃபில் ஜும்ஆ குத்பா சைகை மொழியில் பெயர்க்கப்படுகிறது. நம் மஹல்லாவிலோ காது கேளாத சகோதரர் பயான் முழுவதும் ஒன்றும் புரியாமல் அமர்ந்து எழுந்து போகிறார். மிம்பரில் நின்று பேசும் என் போன்றவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

நாளைக் காலை வேலைக்குப் போனதும், அந்தச் சகோதரரிடம் ஒரே ஒரு சைகையைக் கற்றுக்கொண்டு வாருங்கள். வீட்டில் பிள்ளைகளுக்கும் அதைக் காட்டுங்கள். அல்லாஹ் நம் கைகளையும் நன்மை பேசும் கைகளாக ஆக்குவானாக. ஆமீன்.