கடைமடை இல்லாத ஆறு

மேட்டூரில் திறக்கும் நீர் திருவாரூர்க் கடைமடையைத் தொடப் பல நாட்களாகும். மின்தொகுப்பில் கடைமடை கிடையாது.

2012 ஜூலை 31இல் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் சரிந்து, ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் நிலம் மின்சாரம் இழந்தது. மின்வெட்டுக்குப் பழகியிருந்த திருவாரூரை அச்சரிவு தொடவில்லை. தென்னகம் அன்று நேர்மின்னோட்ட இணைப்புகளால் மட்டுமே வடக்கோடு பிணைந்திருந்தது. 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் அந்தத் தனிமையை முடித்தது. அதுமுதல் நாடெங்கும் ஒரே 50 ஹெர்ட்ஸ் தாளம்.

எங்கோ பெரிய நிலையமொன்று திடீரென நின்றால், எஞ்சிய சுழலிகள் தம் சுழற்சி ஆற்றலையே கொடுத்து ஈடுகட்டும்; அவற்றின் வேகம் குறையும். ஒன்றின் இழப்பைப் பெருந்தொகுப்பு தாங்கும். அடுத்தடுத்துப் பல நின்றால், மொத்தமும் சரியாதிருக்கத் தானியங்கிக் கருவிகள் சில ஊர்களைத் துண்டிக்கும். தன் தவறேதுமின்றித் திருவாரூரும் இருளலாம். முறைவைத்து நீர் பாய்ச்சிய டெல்டாவுக்கு இக்கணக்கு புதிதன்று: பற்றாக்குறையில் எவர் வயல் முதலில் காய்வது?