மலாக்காவில் ஒரு நாள்: கோட்டைக்குள் போன பள்ளிவாசல் கற்கள்

கடந்த பாடசாலை விடுமுறையில் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து மலேசியா போயிருந்தோம். கடைசி நாளைக் கடைகளில் செலவழிக்காமல், கோலாலம்பூரில் பஸ் ஏறி, இரண்டு மணித்தியாலத்தில் மலாக்கா நகருக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே கண்டதை ஊரவர்களோடு பகிரவே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் சில ஆண்டுகளைப் பாருங்கள். போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505, மலாக்காவைப் பிடித்தது 1511. ஒல்லாந்தர் காலியைக் கைப்பற்றியது 1640, மலாக்காவைக் கைப்பற்றியது 1641. பிரித்தானியரிடம் மலாக்கா போனது 1795, கொழும்பு போனது 1796. இங்கே கறுவா, அங்கே கராம்பும் சாதிக்காயும். அதே கப்பல்கள்தான் இரண்டு கரைகளுக்கும் வந்தன. ஒல்லாந்தர் காலத்தில் படைவீரர்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் அந்தப் பக்கத்துத் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோரே நமது மலாய்ச் சகோதரர்கள்.

1511க்கு முன் மலாக்கா ஒரு சுல்தானின் துறைமுகம். குஜராத்திகள், சோழமண்டலக் கரையார், ஜாவானியர், சீனர் எனப் பலரும் அங்கே வியாபாரம் செய்தார்கள். அவரவர் அலுவல்களைப் பார்க்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். அந்நகரில் 84 மொழிகள் பேசப்பட்டதாக தோமே பிரெஸ் என்ற போர்த்துக்கேயரே எழுதி வைத்திருக்கிறார்.

நகரைப் பிடித்த அல்புகெர்க் உடனே ஒரு கோட்டையைக் கட்டினார். பள்ளிவாசல்களையும் சுல்தான்களின் கப்றுகளையும் உடைத்து எடுத்த கற்கள் அதற்குப் பயன்பட்டன. இதைச் சொல்வது போர்த்துக்கேயரின் சொந்த வரலாற்று நூல்களே. அந்தக் கோட்டையும் நிலைக்கவில்லை. 1807இல் பிரித்தானியர் அதை இடிக்கத் தொடங்கினார்கள். இன்று எஞ்சியிருப்பது ஒரேயொரு வாசல். அதன் நெற்றியில் ஒல்லாந்தர் பொறித்த 1670 என்ற ஆண்டு தெரிகிறது. எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். உடைக்கப்பட்ட பள்ளிவாசல்கள் எப்படி இருந்தன என்று காட்ட அங்கே ஒன்றும் இல்லை.

பிறகு ஆற்றைக் கடந்து கம்போங் கிளிங் பள்ளிவாசலுக்குப் போய் ளுஹர் தொழுதோம். கிளிங் என்பது தென்னிந்தியரைக் குறித்த பழைய மலாய்ச் சொல். இந்திய முஸ்லிம் வியாபாரிகள் 1748இல் மரத்தால் கட்டிய பள்ளி இது. 1872இல் செங்கல்லால் திருப்பிக் கட்டியபோதும் பழைய சாயலை விடவில்லை. கூரை ஜாவா முறையில் அடுக்கடுக்காக இருக்கிறது. மினாரா சீனக் கோபுரம் போல நிற்கிறது. ஓடுகள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. அதே தெருவில் தமிழ்ச் செட்டிகளின் பிள்ளையார் கோயிலும் சீனக் கோயிலும் உண்டு. அந்த ஊரில் யார் யார் வாழ்ந்தார்கள் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் புத்தகமே தேவையில்லை.

இனி நம் ஊர்களை நினைத்துப் பார்ப்போம். 1626இல் போர்த்துக்கேயர் தம் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னர் செனரத் கிழக்கில் குடியமர்த்தினார் என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் "நீங்கள் எப்போது இங்கே வந்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டால் கையில் எடுத்துக் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? மலாக்காவின் பழைய பள்ளிகளை அந்நியர் பலவந்தமாக உடைத்தார்கள். நாமோ நமது பழைய பள்ளிகளை நிதி சேர்த்து, துஆ ஓதி, நாமே உடைக்கிறோம். சுண்ணாம்புச் சுவர், மரத் தூண், பழைய ஹவுழ், எழுத்துப் பொறித்த மீஸான் கல் எல்லாம் டிரக்டரில் ஏறிப் பள்ளம் நிரப்பப் போகின்றன.

இட நெருக்கடி உண்மைதான். ஜும்ஆவுக்கு வெயிலில் நிற்பவர்களுக்கு நிழல் வேண்டும். புதுப்பள்ளி கட்ட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. முடிந்த இடத்தில் பழைய பகுதியை விட்டு, அதோடு சேர்த்துக் கட்டலாம். முடியாவிட்டால் உடைப்பதற்கு முன் படம் எடுங்கள், அளவெடுங்கள், கல்லெழுத்துகளைப் பிரதி செய்யுங்கள். பழைய மிம்பரையும் கணக்குக் கொப்பிகளையும் ஓர் அறையில் வையுங்கள். மூத்தவர்கள் சொல்வதை ஃபோனில் பதிவு செய்யுங்கள்.

எந்த ஊர்ப் பள்ளி நிர்வாகம் கேட்டாலும் எங்கள் வரலாற்று வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு சனிக்கிழமை வந்து இந்த வேலையைச் செய்து தருகிறோம். அளவு நாடாவும் கொப்பியும் நாங்களே கொண்டு வருவோம். உடைக்கும் திகதிக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.