உவமையின் நிலமும் அணியின் அரசவையும்

அணியிலக்கணம் கற்கும் எமது மாணவர் பெயர்களை மனனஞ் செய்கின்றனர். உவமை, உருவகம், வேற்றுமை, சிலேடை என்று விரல்விட்டு எண்ணுகின்றனர். வரைவிலக்கணத்தையும் எடுத்துக்காட்டையும் பிழையின்றி ஒப்புவிக்கின்றனர். இவை எக்காலத்தில், எவருடைய தேவைக்காக வகுக்கப்பட்டன என்ற வினா மட்டும் வகுப்பறையில் எழுவதில்லை. எழுப்பாத குற்றம் ஆசிரியராகிய எம்முடையதே.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் ஒன்று உவமவியல். பிற்காலத்தார் பல்கிப் பெருக்கிய அணிகளை அங்குக் காண்பதற்கில்லை. உவமம் ஒன்றே விரிவாகப் பேசப்படுகின்றது. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழியாக ஒரு பொருள் மற்றொன்றோடு ஒப்புமை பெறும் என்பது அதன் அடிப்படை. எம்மைப் பெரிதும் கவர்வது வேறொரு விதியாகும். தலைவி உவமை கூறின் அது அவள் அறிந்த பொருளாதல் வேண்டும். தோழி கூறின் அவள் வாழும் நிலத்தைக் கடந்து செல்லலாகாது. நெய்தல் நிலத்துத் தோழிக்குச் சுறாவும் உப்பும் புன்னையும் உண்டு. மலைநாட்டு யானை அவள் வாயில் வருதல் பொருந்தாது. உள்ளுறை உவமத்திற்கோ தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களே களம். விலங்கும் மரமும் தொழிலும் பறையும் கவிதையின் மூலப்பொருள்களாயின.

இதனைக் கண்டு அக்காலத்தைப் பொற்காலமெனப் போற்றுவார் உளர். அவசரம் வேண்டா. அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிற்க வேண்டியவர் என்று வகுத்ததும் அதே நூல்தான். உப்பு விளைவித்தவன் உவமைக்கு உதவினான். தலைவனாகும் தகுதி பெற்றிலன்.

பல்லவர் காலத்துத் தண்டி வடமொழியில் இயற்றிய காவியாதர்சம் அரசவைகள் தோறும் பயணஞ் செய்த நூல். 9ஆம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்சனின் அவையில் எழுந்த கன்னடக் கவிராசமார்க்கம் அதற்குக் கடன்பட்டது. எமது நாட்டில் அது சிங்களத்தில் சியபஸ்லகர ஆயிற்று. தமிழில், வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துப் புத்தமித்திரரின் வீரசோழியம் அதன் நெறியை ஏற்றது. 12ஆம் நூற்றாண்டிலே தண்டியலங்காரம் தோன்றிற்று. தமிழரும் சிங்களவரும் ஓராசானிடம் அணி பயின்ற இச்செய்தியை இருமொழிப் பாடசாலைகளிலும் கூறுவோர் அரியர்.

தண்டியலங்காரத்தில் பொருளணிகள் 35. சொல்லணியில் மடக்கும் சித்திரகவியும் இடம்பெற்றன. எடுத்துக்காட்டுச் செய்யுள்கள் சிலவற்றில் அனபாயன், அதாவது இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150), புகழப்படுகின்றான். பேரரசின் பெருமையைப் பாடிப் பரிசில் பெறும் புலவனுக்கு, அறிந்ததை அறிந்தவாறு கூறும் உவமம் போதவில்லை. உயர்த்தவும் வியக்கவும் நுண்கருவிகள் பல வேண்டியிருந்தன. ஆயினும் முப்பத்தைந்தனுள் முதலில் வைக்கப்பட்டது தன்மையணி: பொருளை உள்ளவாறே உரைத்தல். அவை நடுவிலும் ஆசிரியன் அதனைக் கைவிட்டானல்லன். இதனை மறந்து தண்டியை முற்றாக நிராகரிப்பது எமது தோழர் சிலரின் வழக்கம். நாம் அதற்கு உடன்படோம்.

சென்ற தவணையில், கண்டறிந்த பொருளைக் கொண்டு ஓர் உவமை எழுதுமாறு மாணவரைப் பணித்தோம். பெரும்பாலோர் தாமரையையும் சந்திரனையும் எழுதினர். கரையோரக் கிராமத்து மாணவி ஒருத்தி, கிழிந்த வலையைத் தைக்கும் தந்தையின் விரல்களை மணலில் ஓடும் நண்டின் கால்களுக்கு ஒப்பிட்டிருந்தாள். அது வினையுவமமா, மெய்யுவமமா என்ற வாதத்திலேயே அன்றைய பாடவேளை கழிந்தது.