சிறுதொழில் இணையக் கடை

சிறுதொழில் இணையக் கடை என்பது தனிநபரோ குடும்பமோ சிறு குழுவோ தாம் செய்யும் பொருள்களை இணையத்தில் காட்சிக்கு வைத்து, ஆர்டர் பெற்று, பணம் வாங்கி, அஞ்சலிலோ கூரியரிலோ அனுப்பும் விற்பனை முறை. இணையதளம் அமைப்பது இதில் ஒரு பகுதி மட்டுமே. பொருள் விவரம், விலைக் கணக்கு, பொதியல், குறைதீர்ப்பு ஆகியவற்றைப் பொறுத்தே கடை நிலைக்கிறது. வாங்குபவரால் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. கடைக்காரர் நேரில் தரும் நம்பிக்கையை இவைதான் தர வேண்டும். இக்கட்டுரை இந்திய நடைமுறையை, பனையோலைக் கூடை விற்கும் ஒரு கடையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

வரலாறு

ஃபிளிப்கார்ட் 2007இல் பெங்களூரில் புத்தக விற்பனையோடு தொடங்கியது. இணையத்தில் முன்பணம் கட்டத் தயங்கியவர்களுக்காக 2010இல் அது கொண்டுவந்த, பொருள் வந்தபின் பணம் தரும் முறை (கேஷ் ஆன் டெலிவரி) பரவலானது. அமேசான் 2013இல் இந்தியாவில் விற்பனைத் தளம் திறந்தது. 2016இல் அறிமுகமான யுபிஐ, சிறு தொகையைக்கூட கைப்பேசியிலேயே செலுத்தும் வசதியைத் தந்தது.

சொந்தக் கடை அமைப்பதற்கான மென்பொருள்களும் இதே காலத்தில் வளர்ந்தன. டோபி லூட்கே கனடாவில் பனிச்சறுக்குப் பலகை விற்கத் தமக்கென எழுதிய நிரலிலிருந்து 2006இல் ஷாப்பிஃபை உருவானது. வேர்ட்பிரஸ் தளங்களில் இயங்கும் வூகாமர்ஸ் 2011இல் வந்தது.

விற்பனை வழிகள்

அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ போன்ற சந்தைத் தளங்களில் வாடிக்கையாளர் கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அதே கூடையை விற்கும் பலரின் நடுவே விலைப்போட்டியில் நிற்க வேண்டும். வாங்கியவர் யார் என்ற தொடர்பும் பெரும்பாலும் தளத்தின் கையில் இருக்கும்.

சொந்தத் தளத்தில் ஆட்களை வரவழைப்பது விற்பவரின் பொறுப்பு. அதற்கு ஈடாக, வாடிக்கையாளர் தொடர்பும் கடையின் பெயரும் அவரிடமே தங்கும். ஷாப்பிஃபையில் மாதக் கட்டணம் உண்டு. வூகாமர்ஸ் இலவசம் என்றாலும் தளப்பெயர், சர்வர் இடம், பராமரிப்பு ஆகியவற்றுக்குச் செலவாகும்.

மூன்றாவது வழி, 2021 டிசம்பரில் நிறுவனமாகப் பதிவான ஓஎன்டிசி. ஒரு செயலியில் பதிவான விற்பனையாளரின் பொருளை வேறொரு செயலியில் இருப்பவர் வாங்க இந்த வலையமைப்பு வழிசெய்கிறது. 2022இல் அதன் முன்னோட்டம் தொடங்கிய ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று.

சட்டத் தேவைகள்

சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசமானது. சிறுதொழில் திட்டங்களைப் பெற உதவும். பொருள் விற்பவருக்குத் தமிழ்நாடு உள்ளிட்ட பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வரிக்குரிய பொருளை வெளிமாநிலத்துக்கு அனுப்புபவர் விற்றுமுதல் குறைவாக இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். அறிவிக்கப்பட்ட சில கைவினைப் பொருள்களுக்கு விதிவிலக்கு உண்டு. சந்தைத் தளங்கள் வழியாகச் சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு விற்பனையாளர், 2023 அக்டோபர் 1 முதல் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே சேர்க்கை எண் (என்ரோல்மென்ட் எண்) பெற்று விற்கலாம்.

உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் தேவை. பொதிந்த பொருளின் தயாரிப்பாளர் முகவரி, நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை போன்றவை இணையப் பக்கத்திலும் இருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, கடையின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர்ப்பு அலுவலரின் தொடர்பு விவரம் ஆகியவற்றைத் தளத்தில் காட்ட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

பொருள் விவரம்

'அழகான கைவினைக் கூடை' என்ற வரியால் வாங்குபவருக்கு எதுவும் தெரியாது. நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் வேண்டும். எத்தனை கிலோ தாங்கும், மூடி உண்டா, சாயம் ஏற்றியதா, ஈரம் பட்டால் என்ன ஆகும் என்பவையும் வேண்டும். நல்ல பட்டியலில் படம் குறைந்தது நான்கு இருக்கும்: முழுத் தோற்றம், உட்புறம், அடிப்பாகம், கைப்பிடி சேரும் இடத்தின் பின்னல். அளவு புரிய, கூடைக்குள் நான்கைந்து தேங்காய் வைத்து ஒரு படம் எடுத்தால் கேள்விகள் பாதி குறையும். சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படமே ஓலையின் நிறத்தை உள்ளபடி காட்டும். கையால் முடைந்த பொருளில் ஒன்றுக்கொன்று சிறு வேறுபாடு இருக்கும் என்பதை முன்கூட்டியே எழுதுவது நேர்மை; திருப்பி அனுப்புவதையும் அது குறைக்கும்.

பணம் பெறுதல்

பேமெண்ட் கேட்வே எனப்படும் இடைநிலைச் சேவை அட்டை, நெட்பேங்கிங், யுபிஐ ஆகியவற்றின் வழியே பணம் பெற்று, பொதுவாக ஓரிரு வேலைநாளில் கடையின் வங்கிக் கணக்கில் சேர்க்கிறது. கட்டணம் சுமார் 2 சதவீதம். அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி. வாங்குபவரின் அட்டை எண்ணைக் கடைகள் சேமித்து வைக்க ரிசர்வ் வங்கி 2022 அக்டோபர் முதல் தடை விதித்துள்ளது.

பொதியலும் அனுப்புகையும்

கூரியர் நிறுவனங்கள் எடையோடு பெட்டியின் கன அளவையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் 'கன அளவு எடை', உண்மை எடையைவிட அதிகமானால் அதற்கே கட்டணம். 40, 30, 20 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியின் கன அளவு எடை 4.8 கிலோ. உள்ளே இருக்கும் கூடை ஒரு கிலோகூட இல்லாவிட்டாலும் 4.8 கிலோவுக்குரிய பணத்தையே கட்ட வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று கூடைகளை ஒரே தொகுப்பாக விற்றால் அதே பெட்டியில் மூன்றும் போகும். ஓலைக்குப் பூஞ்சணம் எளிதில் பிடிக்கும் என்பதால், நன்கு உலர்ந்தபின் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பொதிய வேண்டும்.

விலைக் கணக்கு

ஒரு கூடையின் விலை 600 ரூபாய் என்று கொள்வோம். ஓலையும் கூலியும் 300, பெட்டியும் பொதியலும் 30, கூரியர் 90, கேட்வே கட்டணம் வரியோடு சுமார் 14. மிச்சம் 166. அதே கூடையைப் பெறாமல் ஒருவர் திருப்பி அனுப்பினால், போக வர கூரியருக்கே 180 ரூபாய் போகும். ஒரு கூடை விற்ற இலாபத்தை ஒரே திருப்பல் அழித்துவிடும். பொருள் வந்தபின் பணம் தரும் முறையில் இத்தகைய திருப்பல் அதிகம். அதனால் பல கடைகள் ஆர்டரைத் தொலைபேசியில் உறுதிப்படுத்துகின்றன. முன்பணம் கட்டுபவருக்குச் சிறு தள்ளுபடியும் தருகின்றன. முடைபவரின் கூலியைக் குறைத்து இந்த இழப்பை ஈடுகட்டுவது தவறு. திருப்பலின் சராசரிச் செலவை முதலிலேயே விலையில் சேர்ப்பதே முறை.

தொடக்கம்

ஐந்து முதல் பத்துப் பொருள்களோடு தொடங்குவது நல்லது. ஒவ்வொன்றுக்கும் உண்மையான இருப்பு கையில் இருக்க வேண்டும். திறப்பதற்கு முன் வெளியூர் உறவினர் ஒருவரை ஆர்டர் செய்யச் சொல்லி, பணம் கட்டுவது, ரசீது, பொதியின் நிலை, வந்து சேர ஆன நாள் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். பிறகு அவரையே அதைத் திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டும். பணம் திரும்பக் கிடைப்பது வரை தடங்கலின்றி நடந்தால், கடை வாடிக்கையாளருக்குத் திறக்கத் தயார்.