மலைவழி இரைச்சலும் வாகன இசையும்

கேட்கப்படும் இடமே இசைக்கருவியின் இயல்பை வகுக்கின்றது. வீதியுலாவிற்கு நாதசுரமும் தவிலும் உரியனவாயின. அமைதியான கூடத்திற்கு வீணை உரியதாயிற்று. கூடத்து இசை விரையும் வண்டியில் ஏறிய இருபதாம் நூற்றாண்டிலோ புதியதொரு சிக்கல் தோன்றிற்று.

1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கல்வின் சகோதரர்கள் மோட்டோரோலா என்னும் பெயரில் மோட்டார் வண்டி வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். எஞ்சினின் ஸ்பார்க் பிளக் விளைவித்த மின்குறுக்கீடே அதன் முதற்பகை. மின்தடைகளாலும் உலோகக் கவசங்களாலும் அது அடக்கப்பட்டது. ஆனால் சக்கரமும் காற்றும் எழுப்பும் இரைச்சல் இவற்றுக்கு அடங்குவதன்று. அது நேரே செவியை அடைகின்றது.

செவியின் இயல்பை ஆய்வாளர் படிப்படியாக விளக்கினர். தாழ்ந்த சுருதி ஒலிகள் உயர்ந்த சுருதி ஒலிகளை எளிதில் மறைக்கும் என்பதை 1924இல் வெகல், லேன் ஆகியோர் காட்டினர். மெல்லிய ஒலியில் தாழ்சுருதிகளே முதலில் கேளாமற்போகும் என்பதை 1933இல் பிளெட்சர், மன்சன் ஆகியோர் அளந்தனர். பாதை இரைச்சலோ பெரிதும் தாழ்சுருதி சார்ந்தது. எனவே வண்டியில் தாழ்சுருதியைச் சற்று உயர்த்துதல் வேண்டும். மிகையாக உயர்த்தின் அதுவே பாடகரின் குரலை மூடிவிடும். இசையின் மெலிந்த பகுதிகளை மாத்திரம் உயர்த்தி, உரத்தவற்றை அவ்வாறே விடுதல் மற்றொரு வழியாகும்.

காற்றிரைச்சலின் வலு ஏறத்தாழ வேகத்தின் ஆறாம் அடுக்கிற்கேற்பப் பெருகுவது; வேகம் இருமடங்கானால் சுமார் 18 டெசிபல் உயரும். வேகத்தோடு இசையின் ஒலியைத் தானே கூட்டும் அமைப்பு இதனாலேயே எழுந்தது. நெடுஞ்சாலைக்கு அது பொருந்தும். கண்டியிலிருந்து வத்தேகம ஊடாகப் பன்வில, மடுல்கலை நோக்கி ஏறும் பாதைக்கோ அது போதாது. ஏற்றத்தில் வண்டி தாழ்ந்த கியரில் மெல்ல நகர, எஞ்சின் முழங்கும். வேகத்தை மட்டும் நோக்கும் கருவி இசையைத் தாழ்த்தும் வேளையிலேயே கேட்போர்க்கு அது கூடுதலாக வேண்டியிருக்கும். வண்டியினுள் ஒலிவாங்கி வைத்து, இரைச்சலையே அளந்து இசையைத் திருத்தும் முறையே மலைநாட்டிற்கு ஏற்றதாகும். போஸ் நிறுவனத்தின் ஓடியோபைலட் இவ்வகையினது.

இவையாவும் பெரும்பாலும் கண்ணாடி மூடிய கார்களுக்கே வாய்த்தன. இலங்கையில் 1958இல் நாட்டுடைமையாக்கப்பட்ட பஸ் சேவையில் 1979இல் தனியார் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். பாட்டு ஒலிக்கும் பஸ் அன்றாடக் காட்சியாயிற்று. யன்னல் திறந்த பஸ்ஸில் இரைச்சலை வெல்லக் கைக்கெட்டும் ஒரே வழி, ஒலியைக் கூட்டும் குமிழே. ஆயின் 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு எட்டு மணிநேரமே தக்க எல்லை என்றும், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்நேரம் பாதியாகும் என்றும் அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனம் வரையறுத்துள்ளது. பயணி ஒரு மணிநேரத்தில் இறங்கிவிடுவார். சாரதியும் நடத்துனரும் நாள் முழுதும் அவ்வொலியிலேயே உழல்வர்.

இரைச்சலின் மேல் இசையை ஏற்றுவது எளிது. இரைச்சலைக் குறைத்து இசைக்கு இடமளிப்பதே அறிவுடைமை. இந்நூறாண்டு வரலாறு உணர்த்துவதும் இதுவேயாம்.